குடல் உண்மையிலேயே ஏறுமா?

பாமணிக்கரை
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம். என் மகளுக்கு எட்டு வயது. வெள்ளிக்கிழமை மாலை வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டப் போய் விழுந்துவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம். இன்று காலையிலிருந்து தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

என் அம்மா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "விழுந்ததில் குடல் ஏறிவிட்டது." பக்கத்துத் தெருவில் குடல் தட்டும் ஆயா ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தார்கள். பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றைக் கீழிருந்து மேலாகத் தடவினார். தொப்புளில் விரலை வைத்து "நாடி விலகியிருக்கிறது" என்றார். மறுபடி நன்றாகத் தடவி, காலைத் தூக்கிப் பாதத்தில் மூன்று தட்டுத் தட்டினார். "இப்போது இடத்துக்கு வந்துவிட்டது" என்று எழுந்தார். வாசலில் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கோடு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் மகள் எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் இந்தப் படத்தை வரைந்து பாகம் குறித்தவன் நான். மேலே இரைப்பை, அதன் மேல் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம். குடல் ஏறுவதற்கு அங்கே இடம் எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குத்தாலத்தான்
ஞாயிறு, இரவு 9.18

வலி போய்விட்டது, ஐம்பது ரூபாயும் போய்விட்டது. இனி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? தூங்குங்கள்.


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
ஞாயிறு, இரவு 10.02

பாமணிக்கரை, உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஏறாது. ஏன் ஏறாது என்பதைச் சொல்ல நான் கரும்பலகையில் வரைந்து பயனில்லாமல் போன ஒரு படத்தை விட்டுவிட்டு, புடவையை எடுத்துக்கொள்கிறேன்.

சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். ஒரு புடவையின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அது வயிற்றுக்குள் அவிழ்த்துப் போட்ட கயிறு போலக் கிடப்பதாகப் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பாடநூல் படத்தில் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சவ்வைப் படத்தில் விட்டுவிடுவார்கள். குடல்தாங்கி என்ற அந்தச் சவ்வு முதுகுப்புறச் சுவரிலிருந்து புறப்படுகிறது. புறப்படும் இடத்தின் நீளம் 15 சென்டிமீட்டர்தான். அங்கிருந்து கொசுவம்போல் விரிந்து விரிந்து வந்து, விளிம்பில் ஆறு மீட்டர் குடலையும் தாங்குகிறது. கொசுவத்தை இடுப்பில் செருகும் இடம் ஒரு சாண்கூட இராது, கீழே கரை எவ்வளவு விரிகிறது பாருங்கள். அதே ஏற்பாடு. குடலுக்குப் போகும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அந்த மடிப்புகளுக்குள்தான் ஓடுகின்றன. இது துண்டு துண்டான சவ்வு அன்று, தொடர்ச்சியான ஒரே உறுப்பு என்று அயர்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கால்வின் காஃபி 2016இல் எடுத்துக்காட்டியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் "புதிய உறுப்பு" என்று எழுதின. புதியது ஒன்றுமில்லை, எல்லோரும் பார்த்தும் பொருட்படுத்தாதது.

ஆக, கரை ஆடும். செருகிய இடம் ஆடாது. குடல் தன் மடிப்புக்குள் நாள் முழுவதும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. இரைப்பை நிமிடத்துக்கு மூன்று முறை, முன்சிறுகுடல் பன்னிரண்டு முறை, கடைசிப் பகுதி எட்டு ஒன்பது முறை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தாளம் உண்டு. சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு சுருள் இரண்டு விரற்கடை நகர்ந்தால்கூட அடுத்த நிமிடம் அதுவே வேறு இடத்துக்குப் போய்விடும். "இடத்துக்கு வந்துவிட்டது" என்று சொல்ல அதற்கென்று ஒரு இடமே கிடையாது. இடம் மாறாமல் முதுகுச் சுவரோடு ஒட்டிக்கிடப்பவை முன்சிறுகுடலின் பெரும்பகுதியும், பெருங்குடலின் வலப்பக்க, இடப்பக்கக் கால்களும்.


இரவுப்பணி
ஞாயிறு, இரவு 10.15

நான் நாகப்பட்டினத்தில் செவிலியர். பாடம் பிறகு நடக்கட்டும் ஐயா. பாமணிக்கரை அண்ணா, ஒரே ஒரு கேள்வி. விழும்போது சைக்கிள் கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தியதா? குழந்தையிடம் கேளுங்கள். வயிற்றில் வட்டமாகக் கன்றிய தழும்பு இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

கைப்பிடிக் குத்து ஏமாற்றக்கூடியது. மேலே ஒன்றும் தெரியாது. முன்சிறுகுடலும் கணையமும் முதுகெலும்புக்கு முன்னால் ஒட்டிக் கிடக்கின்றன. நகர இடமில்லாததால் கைப்பிடிக்கும் முதுகெலும்புக்கும் இடையில் நசுங்கும். வலி, வாந்தி எல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத் தலைகாட்டும். நீங்கள் சொல்லும் வெள்ளி, ஞாயிறு கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.


பாமணிக்கரை
ஞாயிறு, இரவு 10.31

பார்த்துவிட்டேன் அம்மா. தழும்பு இல்லை. கைப்பிடி படவில்லை, பக்கவாட்டில் புல்லில் விழுந்தேன் என்கிறாள். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. தூங்குகிறாள். இருந்தாலும் நாளைக் காலை மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன்.


ஐயாற்று மருதாணி
ஞாயிறு, இரவு 11.05

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் பெரியப்பாவுக்குக் குடலிறக்கம் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவமனைச் சீட்டிலேயே குடலிறக்கம் என்றுதான் எழுதியிருந்தது. இறங்குவது மருத்துவம், ஏறுவது மட்டும் மூடநம்பிக்கையா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடல் தட்டுகிறோம். யாரும் செத்துப்போகவில்லை.


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
திங்கள், காலை 5.40

மருதாணி, இந்தக் கேள்வியை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. இரவெல்லாம் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

குடலிறக்கம் என்ற சொல்லில் இறக்கம் இருக்கிறதே தவிர, அங்கே நடப்பது பிதுங்கல். வயிற்றுச் சுவரில் பலவீனமான இடங்கள் சில உண்டு. ஆண்களுக்கு விரை இறங்கி வந்த வழி அவற்றில் ஒன்று. சுமை தூக்கும்போதும் முக்கும்போதும் உள் அழுத்தம் கூடி, குடலின் ஒரு வளைவு அந்த வழியாகத் தோலுக்கு அடியில் வந்து நிற்கும். மூட்டையில் ஓட்டை விழுந்து நெல் பிதுங்குவது போல. ஓட்டை இல்லாமல் இறக்கம் இல்லை.

மேலே ஏறுவதற்கும் ஓட்டை வேண்டும். உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழைய ஒரு வழி இருக்கிறது. அது தளர்ந்தால் இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறுவதுண்டு. அதன் அடையாளம் நெஞ்செரிச்சல். பிறவியிலேயே உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் குடலே நெஞ்சுக்குள் போய்விடும். பிறந்தவுடன் மூச்சுத் திணறும், அறுவை மருத்துவரால் மட்டுமே சரிசெய்ய முடியும். இந்த இரண்டையும் விளக்கெண்ணெய் தொடாது.

ஆனால் உங்களுக்கு ஒரு வெற்றியும் தருகிறேன். நம் எல்லோருடைய குடலும் ஒருமுறை இடம்விட்டுப் போய்த் திரும்பியிருக்கிறது. கருவின் ஆறாவது வாரத்தில் கல்லீரல் வயிற்றை அடைத்துக்கொண்டு வளரும். குடல் வளர இடம் போதாது. அது தொப்புள்கொடிக்குள் வெளியேறிவிடும்! ஒரு மாதம் அங்கேயே வளர்ந்து, பத்தாவது வார அளவில் உள்ளே திரும்பும். போகும்போதும் வரும்போதுமாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 பாகை சுழன்று படியும். அதனால்தான் குடல்வால் வலப்பக்கம், மலக்குடலுக்குப் போகும் வளைவு இடப்பக்கம். சுழற்சி பாதியில் நின்றுபோனவர்களுக்குக் கொசுவம் செருகும் இடம் 15 சென்டிமீட்டர் இல்லாமல் ஒற்றை முடிச்சாகக் குறுகிவிடும். அப்போது முழுக் குடலும் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.


இரவுப்பணி
திங்கள், காலை 6.20

பணி முடிந்து கிளம்புகிறேன். ஐயா சொன்னதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அது அந்த முறுக்காக இருக்கலாம். பச்சை என்றால் பித்தம். பித்தம் வந்து சேரும் இடத்துக்குக் கீழே அடைப்பு என்று பொருள். பால் கக்குவது வேறு, இது வேறு. மணிக்கணக்கு கூடக் காத்திருக்கக் கூடாது.


மூணாற்று லஸ்கர்
திங்கள், காலை 7.15

அனைவருக்கும் வணக்கம். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றுக்கும் ஷட்டர் ஏற்றி இறக்கிய கை இது. படிப்பு எட்டாவதுதான். ஆசிரியர் எழுதியதைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிறும் ஒரு பாசனம்தானே? இரைப்பை நீர்த்தேக்கம். கீழே ஷட்டர். முன்சிறுகுடல் தலைவாய்க்கால். அப்புறம் கிளை, கண்ணி, கடைமடை. கடைசியில் வடிகால். என் சந்தேகம் இதுதான்: தலைப்பில் ஷட்டரைத் திறக்க எங்களுக்கு மேலிருந்து உத்தரவு வரும், கடைமடையிலிருந்து "போதும், வயல் மூழ்குகிறது" என்று கூச்சலும் வரும். வயிற்றுக்குள் ஷட்டரைத் திறப்பது யார்? கூச்சல் போடுவது யார்?


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
திங்கள், காலை 8.50

லஸ்கர் ஐயா, எட்டாவது படித்தவர் கேட்ட கேள்விக்கு விடை கண்டுபிடித்தது 1902இல்தான்.

இரைப்பையின் வாசலில் தடித்த தசை வளையம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஷட்டர். உணவு கூழாகக் கடையப்பட்டு, துகள்கள் ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த பிறகே அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தேக்கரண்டி அளவாக வெளியேறும். தண்ணீர் விரைவில் போய்விடும். சோறு, குழம்பு என்றால் மூன்று நான்கு மணி நேரம். நெய்யும் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் தாமதம். திருமண விருந்து மாலைவரை "அப்படியே நிற்பது" கற்பனை அன்று.

கூச்சல் போடுவது முன்சிறுகுடல். மேலிருந்து வருவது கடும் அமிலம். இரைப்பைக்குச் சளிப் பூச்சு உண்டு. இதற்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. அமிலம் பட்டவுடன் இது "காரநீர் அனுப்பு" என்று கணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். நரம்பு வழியாகத்தான் சொல்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அமிலம் விட்டுப் பார்த்தார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது! செய்தி இரத்தத்தில் போயிருக்கிறது. அந்தச் செய்திப் பொருளுக்கு செக்ரெடின் என்று பெயர். ஹார்மோன் என்ற வகையில் முதன்முதலாக அறியப்பட்டது அதுதான். ஹார்மோன் என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1905இல்தான் வந்தது. கொழுப்பு வந்தால் வேறொரு ஹார்மோன் புறப்படும். அது பித்தப்பையைச் சுருங்க வைத்துப் பித்தநீரை இறக்கும், கூடவே இரைப்பையிடம் "மெதுவாக விடு" என்றும் சொல்லும். உங்கள் கடைமடைக் கூச்சல் இதுவேதான்.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் பாசனத்தோடு ஒத்துவராது. காவிரியில் கடைமடைக்குக் கிடைப்பது மேலே இருப்பவர்கள் விட்டது. குடலில் அப்படி இல்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு பெரும்பாலும் மேல்மடையிலேயே உறிஞ்சப்படும் என்பது உண்மை. ஆனால் பி12 வைட்டமினும் பித்த உப்புகளும் கடைமடையான பின்சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கென்றே விடப்பட்டவை. பித்த உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை அது பிடித்துக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதே உப்பு ஒரு நாளில் ஆறு முதல் பத்துமுறைவரை சுற்றி வருகிறது. அந்த ஓரடி இரண்டடியை வெட்டி எடுத்துவிட்டால் மேலே ஐந்து மீட்டர் இருந்தும் ஈடுசெய்ய முடியாது.


மூணாற்று லஸ்கர்
திங்கள், காலை 9.30

கடைமடைக்கென்று தனிப் பங்கா! இதைத் தலைஞாயிற்றில் இருக்கும் என் சம்பந்திக்கு அனுப்பப் போகிறேன்.

இன்னொன்று. கடலோரத்தில் கடைசி இயக்கு அணை ஒன்று வைத்திருப்பார்கள். கடல் பொங்கும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்க. குடலுக்கும் அப்படி உண்டா?


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
திங்கள், காலை 9.48

உண்டு. சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில், வலது அடிவயிற்றில். பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியா. நம் உடலின் உயிரணுக்கள் 30 லட்சம் கோடி என்றால் பாக்டீரியா 38 லட்சம் கோடி என்பது 2016இல் போட்ட கணக்கு. ஓர் உயிரணுவுக்குப் பத்து பாக்டீரியா என்று முன்பு சொல்லிவந்தது மிகை. சிறுகுடலில் அவை மிகக் குறைவு. அந்தக் கூட்டம் பின்னோக்கி வராமல் தடுப்பதில் அந்த வாயிலுக்குப் பங்கு உண்டு. உங்கள் உப்புத் தண்ணீர் அணையேதான். நான் முப்பது ஆண்டு பாடம் நடத்தியும் இந்த உவமை எனக்குத் தோன்றவில்லை.

பழைய மிகைக் கணக்கு பற்றிப் பேச்சு வந்ததால் என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். குடலை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து, மொத்தம் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். பாட்மிண்டன் மைதானத்தில் பாதிகூடத் தேறாது. என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளவும்.


பந்திச் சமையல்
திங்கள், மதியம் 2.40

பந்தி முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். நான் மயிலாடுதுறை. ஆட்டுக்குடல் அலசியவர்களுக்கு ஆசிரியர் ஐயா சொன்ன கொசுவம் புதிதில்லை. குடல் தனியாக வராது. சவ்வும் கொழுப்புமாகச் சேர்ந்தே வரும், விரலால் இழுத்து இழுத்துத்தான் பிரிக்க வேண்டும். உள்ளே துண்டு போலச் சொரசொரப்பாக இருக்குமே, அதுதானே அந்த உறிஞ்சும் பகுதி?

இதைக் கேட்க மட்டும் வரவில்லை. மருதாணி "யாரும் செத்துப்போகவில்லை" என்று எழுதியிருந்ததைப் படித்தேன். என் தம்பி குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். திடீரென்று வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். சில நிமிடத்தில் அடங்கிவிடும், சோர்ந்து கிடக்கும். கால் மணி கழித்து மறுபடி. குடலேற்றம் என்று தட்டினார்கள். அடங்கிய நேரத்தில் எல்லாம் "சரியாகிவிட்டது" என்றார்கள். மறுநாள் மறுபடி தட்டினார்கள். மூன்றாம் நாள் துணியில் சிவப்பாக, ஜெல்லி மாதிரி. அள்ளிக்கொண்டு ஓடினோம். குடலுக்குள் குடல் செருகிக்கொண்டதாம். ஒரு சாண் குடல் கறுத்துப்போய், வெட்டி எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டான், இப்போது ஏழாவது படிக்கிறான். முதல் நாளே வந்திருந்தால் கத்தியே வேண்டாம் என்றார் மருத்துவர். அந்த வார்த்தையை என் தம்பி இன்னும் மறக்கவில்லை.


இரவுப்பணி
திங்கள், மாலை 4.05

பந்தி அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் தம்பி மகனுக்கு வந்தது குடல் செருகல். டெலஸ்கோப்பின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவது போல, பெரும்பாலும் அந்த உப்புத் தண்ணீர் அணை இருக்கும் இடத்தில், சிறுகுடல் பெருங்குடலுக்குள் நுழைந்துவிடும். அதிகம் வருவது மூன்று மாதம் முதல் மூன்று வயதுக்குள். கொசுவமும் கூடவே இழுபடுவதால் இரத்த ஓட்டம் நெரிபடும். விட்டு விட்டு அழுவதற்குக் காரணம், குடல் நெளியும்போது மட்டும் வலி. ஆரம்பத்தில் வந்தால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ நீரையோ அழுத்தத்தோடு செலுத்தியே பின்னுக்குத் தள்ளிவிடுவோம். தாமதித்தால் திசு அழுகத் தொடங்கும். அப்போது வெளியே இருந்து அமுக்குவது எவ்வளவு கெடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய குழந்தைகளுக்கு நான் பயப்படுவது குடல்வால் வீக்கம். அது தொப்புளில்தான் தொடங்கும். பல மணி நேரம் கழித்து வலது அடிவயிற்றுக்கு நகரும். நடந்தாலும் குதித்தாலும் வலி கூடும். "காலையில் தொப்புளில் வலித்தது, தட்டினோம், கீழே இறங்கிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இறங்கியது குடல் இல்லை, வலி. முதலில் உள்ளுறுப்பு நரம்பு சொல்கிறது. அதற்குத் துல்லியமாக இடம் காட்டத் தெரியாது, சிறுகுடல், குடல்வால் எல்லாவற்றுக்கும் தொப்புளைத்தான் காட்டும். வீக்கம் வயிற்றுச் சுவரைத் தொட்ட பிறகே சரியான இடம் தெரியும்.


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
திங்கள், மாலை 4.30

பந்தி, ஆட்டில் நீங்கள் பார்க்கும் துண்டு போன்ற பகுதி அசைபோடும் முதல் இரைப்பை. நமக்கு அது கிடையாது. நம் சிறுகுடலின் உட்சுவரில் சின்னச் சின்ன விரல்போல நீட்டிக்கொண்டு உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் ஒரு மில்லிமீட்டர்கூட இரா. கண்ணுக்கு வெல்வெட் போலத் தெரியும். தம்பி மகன் நலமாக இருக்கட்டும்.


ஐயாற்று மருதாணி
திங்கள், மாலை 5.12

"யாரும் செத்துப்போகவில்லை" என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் ஆயாவின் விரலுக்குத் தொப்புளில் ஏதோ துடிக்கிறதே, அது என்ன? நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.


இரவுப்பணி
திங்கள், மாலை 5.25

இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி. முதுகெலும்பை ஒட்டி வந்து, தொப்புள் மட்டத்தை ஒட்டி இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ஒல்லியான குழந்தைகளுக்கு விரலில் நன்றாகத் தட்டுப்படும், நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக. எல்லோருக்கும் அது "விலகி"யே இருக்கிறது. வயிறு இறுகியிருந்தாலோ வாயு நிரம்பியிருந்தாலோ கைக்கு வேறு மாதிரி எட்டும். தடவித் தளர்ந்த பிறகு தொட்டால் இடம் மாறியது போலத் தோன்றும்.


நெறியாளர்
திங்கள், மாலை 6.00

தனிமடலில் சிலர் மருந்துப் பெயர்கள் கேட்கிறார்கள். இழையில் மருந்து பரிந்துரைக்க வேண்டாம். மற்றபடி தொடரலாம்.


பாமணிக்கரை
திங்கள், இரவு 8.20

இன்று பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு மருத்துவரிடம் போய் வந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள், உறுப்புகளில் காயம் எதுவும் இல்லை. குடல்வால் நன்றாக இருக்கிறது. பூச்சி மாத்திரை போட்டாளா என்று கேட்டார். பிப்ரவரியில் பள்ளியிலேயே கொடுத்தார்கள் என்றேன். பிறகு வயிற்றின் இடது கீழ்ப்பகுதியை அமுக்கிப் பார்த்துவிட்டு, மகளிடம் நேராகக் கேட்டார்: "கடைசியாக எப்போது வெளிக்குப் போனாய்?" அவள் என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஐந்து நாளாயிற்று.

பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லையாம். வகுப்புப் பெண்கள் கதவைத் தள்ளிவிடுகிறார்களாம். காலையில் எட்டுமணி வண்டிக்கு ஓட வேண்டும், வீட்டிலும் நேரமில்லை. இந்த ஆண்டு முழுக்க அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியவில்லை. சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மருத்துவர் ஒரு சிரப் கொடுத்திருக்கிறார். நாளை பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: குடல் ஏறவில்லை என்றால், தட்டியதும் வலி எப்படிப் போயிற்று?


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
திங்கள், இரவு 9.00

உங்கள் அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். அவர் கேட்பது நியாயம்.

குடலில் தேங்கிய மலத்துக்குப் பின்னால் வாயு அடைபட்டு நின்றிருக்கும். குடல் சுவருக்கு வெட்டினால் வலிக்காது, சுட்டாலும் வலிக்காது. இழுபட்டு உப்பினால்தான் வலிக்கும். தடவியதில் வாயு நகர்ந்திருக்கலாம். வெதுவெதுப்பான எண்ணெய்க் கையும் தெரிந்த முகமும் வயிற்றுத் தசையைத் தளர்த்தியிருக்கும். இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடல் சுவரிலேயே பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன; மனநிலை அங்கே நேராகப் போய்ச் சேரும். 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒருவருக்கு வயிற்றில் ஆறாத துளை ஏற்பட்டது. போமாண்ட் என்ற மருத்துவர் அந்தத் துளை வழியாகப் பட்டுநூலில் இறைச்சித் துண்டைக் கட்டி இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். அந்த மனிதர் கோபமாக இருந்த நாள்களில் செரிமானம் கெடுவதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

இனி, அடக்குவதால் என்ன நடக்கிறது என்பது. ஒரு நாளில் நம் குடலுக்குள் எட்டு ஒன்பது லிட்டர் நீர் போகிறது. நாம் குடிப்பது அதில் இரண்டு; மீதி உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடலே கொட்டுவது. வெளியே போவது ஒரு தம்ளர்கூட இல்லை. பெருங்குடல் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். "இவள் பள்ளியில் இருக்கிறாள், நிறுத்து" என்று அதற்குத் தெரியாது. தங்கத் தங்க இறுகும். இறுகினால் போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவாள். மலக்குடல் விரிந்து விரிந்து, நிறைந்ததைச் சொல்லும் உணர்வே மங்கிவிடும்.


மூணாற்று லஸ்கர்
திங்கள், இரவு 9.14

வடிகாலைத் தூர்வாராமல் விட்டால் மேலே எந்த ஷட்டரைத் தூக்கியும் பயனில்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள் தம்பி.


இரவுப்பணி
திங்கள், இரவு 9.40

லஸ்கர் ஐயா சொன்னதுதான். சிரப்பை இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் சொன்ன காலம்வரை கொடுங்கள். விரிந்த குடல் சுருங்க மாதக்கணக்கு ஆகலாம். காலை உணவு முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கழிவறையில் உட்கார வையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும். இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் தானாக ஒரு தள்ளுத் தள்ளும். பெரியவர்கள் அந்தப் புகழைக் காபிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மேற்கத்தியக் கழிவறை என்றால் காலுக்கு அடியில் ஒரு முக்காலி போடுங்கள். தொங்கும் காலோடு முக்க முடியாது.


பந்திச் சமையல்
திங்கள், இரவு 10.10

வாழைத்தண்டுக் கூட்டு, முளைக்கீரை, பூவன் பழம். பாலைக் குறைத்து மோராகக் கொடுங்கள். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் ஏற்றினால் அதுவே அடைத்துக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் பழைய சோறு சாப்பிடுவாளா? ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத மாதிரி இறுகிவிடுமாமே, அது நேரே பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு ஆகிறது என்று ஒரு பந்தியில் மருத்துவர் ஒருவர் சொன்னார். அவரே இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.


பாமணிக்கரை
புதன், இரவு 8.45

நேற்று மாலை வழி திறந்தது. வீடே கொண்டாடியது. தலைமையாசிரியர் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். நானே ஆணி, திருகு எல்லாம் கொண்டு போனேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆயா இன்று வந்திருந்தார். அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்தார், கொசுவம் உட்பட. ஆயா சிரித்துவிட்டு, "அன்றைக்கே வாசலில் உன்னிடம் சொன்னேனே" என்றார். என்னவென்று கேட்டோம். இடது பக்கம் கை வைக்கும்போதே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டதாம். "பிள்ளை நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை போலிருக்கிறது, கேட்டுப் பார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். அம்மா குடல் இறங்கிய மகிழ்ச்சியில் அதைக் காதில் வாங்கவில்லை.


ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்
புதன், இரவு 9.05

மருத்துவர் அமுக்கிப் பார்த்ததும் அதே இடம்தான்.


இரவுப்பணி
புதன், இரவு 9.11

அந்த ஆயாவின் ஊர் எது என்று தனிமடலில் சொல்லுங்கள் அண்ணா. விட்டு விட்டு அழும் கைக்குழந்தையைத் தொடாமல் எங்களிடம் அனுப்பச் சொல்லி ஒருமுறை பேச வேண்டும். அவர் கேட்பார் என்று தோன்றுகிறது.


குத்தாலத்தான்
புதன், இரவு 9.30

அப்படியானால் அந்த ஐம்பது ரூபாய் வீண் இல்லை.